கர்னலுக்கு மேலே போகும் வழி

அன்புள்ள கதிர்,

நம் பாராசூட் ரெஜிமென்ட்டின் சிறப்புப் படையான பாரா எஸ்.எஃப்.-க்கு விருப்பம் எழுதிக் கொடுத்தால் பிற்பாடு கர்னலோடு நின்றுபோக வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறாய். மெஸ்ஸில் முதலில் ஒரு மேஜர் ஆமாம் என்றாராம், இன்னொருவர் இல்லை என்றாராம். இருவர் சொன்னதும் அவரவர் யூனிட் வரைக்கும் சரியாகத்தான் இருக்கும். ஒரு முழு வாழ்க்கையை எடுத்துப் பதவி பதவியாகப் பிரித்துப் பார்த்தால் உனக்கே விளங்கும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்கத் தரைப்படையின் பீட்டர் ஸ்கூமேக்கரை. உனக்கு இன்னொரு அமெரிக்கச் சிறப்புப் படை ஜெனரலான மெக்கிரிஸ்டலின் பெயர்தான் தெரிந்திருக்கும். வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவரிடம் பிறகு வருகிறேன். ஸ்கூமேக்கரை எடுக்கக் காரணம் உண்டு. 1980-இல் ஒரு பெரிய தோல்வி நடந்தது. அதன் விளைவாக அமெரிக்கா அடுத்த ஏழு ஆண்டுகளில் புதிதாக உருவாக்கிய முக்கியமான தலைமையகங்களை இந்த மனிதர் ஒவ்வொன்றாக ஏற்று நடத்தினார். கடைசியில் முழுத் தரைப்படையும் அவர் கைக்கு வந்தது.

பிறந்தது 1946, டெட்ராய்ட். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் படித்தவர் அல்ல. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டே ஆர்.ஓ.டி.சி. என்ற மாணவர் ராணுவப் பயிற்சி வழியாக 1969-இல் அதிகாரியானார். நம் என்.சி.சி.-யை விடக் கொஞ்சம் கெட்டியான ஏற்பாடு அது, நேராகக் கமிஷன் கிடைக்கும். சேர்ந்தது கவசப் படைப்பிரிவில், அதாவது டாங்குகளில். முதல் ஒன்பது ஆண்டுகள் வேவுப் பிளட்டூன், ரைஃபிள் கம்பெனி, ஜெர்மனியில் இருந்த கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட்டில் ஒரு ட்ரூப், கொரியாவில் ஒரு டாங்க் பட்டாலியனின் ஆபரேஷன்ஸ் அதிகாரி. இந்தப் பட்டியலில் சிறப்புப் படை என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனி.

அமெரிக்கத் தரைப்படையில் ஸ்பெஷல் ஃபோர்ஸஸ் தனிப் பிரிவாக அங்கீகாரம் பெற்றதே 1987 ஏப்ரலில்தான். அதற்கு முன்னால் அங்கே போன அதிகாரி காலாட்படைக்காரராகவோ டாங்குக்காரராகவோ பீரங்கிக்காரராகவோதான் கணக்கில் இருப்பார். பதவி உயர்வு வாரியத்தில் அவருடைய கோப்பைப் புரட்டுகிறவர்கள் சொந்தப் பிரிவின் மூத்தவர்கள். ஸ்பெஷல் ஃபோர்ஸஸில் கழித்த ஆண்டுகளை அவர்கள் ‘ஆள் ஊரில் இல்லாத காலம்’ என்றே படித்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஆக ஏறத்தாழ 16 ஆண்டு, கர்னல் ஆக 22 ஆண்டு என்று வரையறை இருந்த அமைப்பில் அப்படி இரண்டு மூன்று ஆண்டு காணாமல் போனால், பின்னால் வந்தவர்கள் முந்திவிடுவார்கள். அந்தக் காலத்தில் கெட்டிக்கார சிறப்புப் படை அதிகாரிகள் பலர் கர்னலோடு வீட்டுக்குப் போனதற்கு இதுதான் காரணம். உன் மெஸ்ஸில் இருக்கும் முதல் மேஜரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

அமெரிக்கத் தரைப்படையின் ரகசியச் சிறப்புப் படையான டெல்டாவை 1977 நவம்பரில் தொடங்கியவர் கர்னல் சார்லஸ் பெக்வித். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சிறப்புப் படையான 22 எஸ்.ஏ.எஸ். ரெஜிமென்ட்டில் பரிமாற்ற அதிகாரியாக இருந்தவர், அங்கே பார்த்த தேர்வு முறையை அப்படியே கொண்டுவந்தார். மலைக்காட்டில் தனி ஆளாக, முதுகில் சுமையோடு, வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். நாளுக்கு நாள் தூரமும் சுமையும் ஏறும். கடைசி நடை சுமார் 40 மைல். இதில் ஆளை உடைப்பது தூரமோ சுமையோ அல்ல. எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திட்டவும் மாட்டார்கள், தட்டிக்கொடுக்கவும் மாட்டார்கள். யாரோ கத்துவதால் ஓடிப் பழகியவர்கள் இதில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நடந்து முடித்தவர்களை உளவியல் நிபுணரும் தலைமை வாரியமும் மணிக்கணக்கில் கேள்வி கேட்கும். அங்கேயும் பலர் கழிக்கப்படுகிறார்கள், ஏன் என்ற விளக்கம் கிடைக்காது. ஸ்கூமேக்கர் 1978-இல் உள்ளே போனார், 1981 வரை ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்றார்.

இடையில் வந்ததுதான் 1980 ஏப்ரல் 24 இரவு. தெஹ்ரான் தூதரகத்தில் அடைபட்ட அமெரிக்கர்களை மீட்கும் ‘ஈகிள் கிளா’ நடவடிக்கை. பாலைவனத்தில் ஹெலிகாப்டர் மோதியது என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீ இதை ஒரு ஆபரேஷன் ஆர்டர் போலப் படிக்க வேண்டும்.

திட்டம் இது. ஓமானின் மசிரா தீவிலிருந்து ஆறு சி-130 சரக்கு விமானங்கள். மூன்றில் ஆட்கள், மூன்றில் ரப்பர் பைகளில் மொத்தம் 18,000 கேலன் எரிபொருள். நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எட்டு ஆர்.எச்-53டி ஹெலிகாப்டர்கள். எல்லாம் ஈரான் பாலைவனத்தில் ‘டெசர்ட் ஒன்’ என்று பெயரிட்ட இடத்தில் இருட்டில் சந்திக்க வேண்டும். ஹெலிகாப்டர்கள் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டெல்டாவைத் தெஹ்ரானுக்கு வெளியே ஒரு மறைவிடத்தில் விட வேண்டும். மறுநாள் இரவு லாரிகளில் நகருக்குள் போய்த் தூதரகத்தைப் பிடித்து, எதிரே உள்ள விளையாட்டு அரங்கிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, தரைப்படையின் அதிரடிக் காலாட்படையான ரேஞ்சர்கள் கைப்பற்றி வைத்திருக்கும் விமானத்தளத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய விமானத்தில் வெளியேற்ற வேண்டும். டெசர்ட் ஒன்னைத் தாண்டக் குறைந்தது ஆறு ஹெலிகாப்டர் வேண்டும் என்பது முன்பே முடிவான எண்.

எட்டு புறப்பட்டன. ஒன்றில் சுழல் தகட்டின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அந்தத் தகடுகளுக்குள் அழுத்தமாக நைட்ரஜன் அடைத்திருப்பார்கள், அழுத்தம் குறைந்தால் விரிசல் இருக்கலாம் என்று அர்த்தம். அதைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். இன்னொன்று மிதக்கும் தூசிப் படலத்துக்குள் புகுந்து கருவிகள் செயலிழந்து கப்பலுக்குத் திரும்பியது. கொஞ்சம் தாண்டினால் வானம் தெளிவாக இருந்தது. ஆனால் ரேடியோ மௌனம் காக்க வேண்டும் என்ற கட்டளையால் அதை யாரும் அந்த விமானிக்குச் சொல்லவில்லை. அந்தத் தூசியைப் பற்றி வானிலைக்காரர்களுக்குத் தெரியும், விமானிகளுக்குத் தெரியாது; ரகசியம் காக்க இருவரையும் நேரடியாகப் பேசவிடவில்லை. மீதி ஆறும் தாமதமாக வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் கோளாறு. ஐந்து. திட்டம் கைவிடப்பட்டது.

திரும்பும் ஏற்பாட்டில்தான் உயிர்கள் போயின. இடம் மாற்றுவதற்காகச் சற்றே மேலெழுந்த ஒரு ஹெலிகாப்டர், தான் கிளப்பிய புழுதியிலேயே திசை இழந்து எரிபொருள் சுமந்த சி-130 மீது மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள், ஐவர் விமானப்படை, மூவர் மரைன். மற்ற ஹெலிகாப்டர்களை ரகசியக் காகிதங்களோடு அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் விமானத்தில் வெளியேறினார்கள்.

டெல்டா அன்று ஒரு குண்டைக்கூட எதிரியின் மேல் வீணாக்கவில்லை. அவர்கள் பயிற்சியில் குறையே இல்லை. தரைப்படை ஆட்கள், விமானப்படை விமானம், கடற்படை ஹெலிகாப்டர், மரைன் விமானிகள் என்று நான்கு வீட்டிலிருந்து சாமான் வாங்கி நடத்திய கல்யாணம் அது. கண்ணி அகற்றும் வேலைக்கான ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்தது தூரமும் கப்பலில் ஏற்றும் வசதியும் கருதி. அதை ஓட்டியவர்களுக்கு இருட்டில் பாலைவனத்தின் மேல் தாழ்வாக நீண்ட தூரம் பறப்பது பழகிய வேலை அல்ல. எல்லாரையும் ஒரே இடத்தில் வைத்து முழு ஒத்திகை ஒருமுறைகூட நடக்கவில்லை. அதையும் ரகசியத்தின் பெயரில் தவிர்த்தார்கள். பின்னர் அட்மிரல் ஹாலோவே தலைமையில் ஆராய்ந்த குழு, கட்டுப்பாடு இல்லாத திட்டக்காரர் குறைந்தது பத்து ஹெலிகாப்டர் கேட்டிருப்பார், பழுதுக் கணக்கைப் பார்த்தால் பன்னிரண்டு வரை போயிருக்கும் என்று எழுதியது. எட்டில் ஆறு தேவை என்றால் இரண்டு பழுதுக்கு மேல் இடமில்லை. அன்று பழுதானவை மூன்று.

அந்த இரவின் சிதைவுப் படத்தைத் தன்னிடம் வைத்திருப்பதாக ஸ்கூமேக்கர் பின்னாளில் எழுதினார், ஆர்வத்தையும் ஆற்றலையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாமல் இருக்க.

ஹாலோவே குழுவின் முக்கியப் பரிந்துரை, இந்த வேலைக்கு நிரந்தரமான கூட்டுப்படை ஒன்று வேண்டும் என்பது. 1980 டிசம்பரில் ஜேசாக் என்ற கூட்டுச் சிறப்பு நடவடிக்கைத் தலைமையகம் பிறந்தது. ஹெலிகாப்டருக்காக கென்டக்கியில் இருந்த 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவின் விமானிகளைப் பிரித்தெடுத்துத் தனிப் படை அமைத்தார்கள். 1981-இல் அது 160-ஆவது பட்டாலியன் ஆனது. இரவுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மரத்தலைகளை உரசுவது போலப் பறப்பதும், இலக்கை முன்பின் 30 விநாடிக்குள் தொடுவதும் அதன் அளவுகோல். தொடக்க ஆண்டுகளில் பயிற்சி விபத்துகளிலேயே பலர் இறந்தார்கள். 

இப்போது ஸ்கூமேக்கரின் அடுத்த நகர்வைப் பார். டெல்டாவில் புகழ் பெற்ற கையோடு ஸ்டாஃப் காலேஜ் முடித்து, திரும்பவும் ஜெர்மனியில் கவச ரெஜிமென்ட்டுக்குப் போனார், ஒரு ஸ்குவாட்ரனில் இரண்டாம் நிலை அதிகாரியாக. டாங்க் பராமரிப்பு, உதிரிபாகம், சுடும் பயிற்சி நாள்காட்டி, விடுப்புத் தகராறு எல்லாம் அந்த மேஜையில்தான் விழும். கவர்ச்சி துளியும் இல்லாத வேலை. ஆனால் கவசப் படையின் வாரியம் அடுத்த முறை கோப்பைத் திறந்தபோது அவர் ‘ஊரில்’ இருந்தார். என்னைக் கேட்டால், பின்னாளில் ஜெனரலாக அவர் தோளில் ஏறிய நான்கு நட்சத்திரங்களில் ஒன்றாவது அந்த மேஜையில் சம்பாதித்தது.

1983 ஆகஸ்டில் ஜேசாக்கின் ஆபரேஷன்ஸ் பிரிவுக்கு வந்தார். இரண்டே மாதத்தில் கிரனடா என்ற கரீபியத் தீவின் மேல் அமெரிக்கா படையெடுத்தது. அங்கேயும் சிறப்புப் படைக்கு நேரம் தவறியது. இருட்டில் இறங்க வேண்டியவர்கள் வெளிச்சம் வந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள், விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்கு முன்னால் ஹெலிகாப்டர்கள் மாட்டின. கடலில் இறங்கிய, கடற்படையின் சிறப்புப் படையான சீல் படையினர் நால்வர் எதிரியைப் பார்க்கும் முன்பே மூழ்கிப்போனார்கள். மெல்லிய ஆயுதமும் ரகசியமும் மட்டுமே கவசமாகக் கொண்ட படையைப் பகலில், காலாட்படை போலப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஜேசாக்கின் முதல் தலைவர் மேஜர் ஜெனரல் ரிச்சர்ட் ஷோல்ட்ஸ் ஓய்வு பெற்றபின் 1986-இல் செனட் உறுப்பினர்கள் முன் மூடிய அறையில் இதைச் சொன்னார். சிறப்புப் படைகளுக்குத் தனிக் கட்டளையகம் அமைக்கச் சொன்ன நன்-கோஹன் திருத்தச் சட்டத்துக்கு அவர் சாட்சியம் பெரிய வலு சேர்த்தது. 1987 ஏப்ரல் 16 அன்று ஃபுளோரிடாவின் மெக்டில் தளத்தில் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம், சாக்காம், தொடங்கியது.

அந்தச் சட்டத்தில் பெரிதாகப் பேசப்படாத ஒரு கூறுதான் எல்லாவற்றிலும் பெரியது. சாக்காமுக்குத் தனி நிதி ஒதுக்கீடு, தானே பொருள் வாங்கும் அதிகாரம். மற்றக் கட்டளையகத் தளபதிகளுக்கு அப்போது அது கிடையாது, அவர்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இரவுக் கண்ணாடியா புதிய டாங்கா என்று வந்தால் தரைப்படைத் தலைமையகம் எதைத் தேர்ந்தெடுக்கும்? அந்தப் போட்டியே இல்லாமல் போனது. நான்கு நட்சத்திரத் தளபதி பதவியும் சேர்ந்து வந்தது. ஏணியின் உச்சிப் படி அப்போதுதான் பொருத்தப்பட்டது. அதுவரை ஏறியவர்கள் சுவரில் முட்டியதில் வியப்பில்லை.

நம் பக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதே 1987 அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகாப்டரில் இறக்கிய நடவடிக்கையை உன் பயிற்சியில் கேட்டிருப்பாய். கையில் இருந்தது நான்கு எம்.ஐ-8. ஆகவே ஆட்களைத் தவணை தவணையாகத்தான் கொண்டுவர முடியும். முதல் தவணை இறங்கிய நொடியே ரகசியம் போயிற்று, அடுத்த தவணைகள் இயந்திரத் துப்பாக்கிக்கு நடுவே வர வேண்டியதாயிற்று, ஒரு கட்டத்துக்கு மேல் வரவே முடியவில்லை. 10 பாராவின் கமாண்டோக்களோடு போன 13 சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் அங்கேயே மடிந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். வீரம் பற்றிய பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. எத்தனை ஹெலிகாப்டர், எத்தனை நடை, முதல் நடைக்கும் இரண்டாம் நடைக்கும் இடையே எத்தனை நிமிடம் என்ற கணக்கை யாராவது உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஒரு சிறப்புப் படை ஜெனரலின் வேலை அந்தக் கேள்வியைத் தனக்கு மேலே இருப்பவரிடம் கேட்பதுதான்.

1989 ஜூன் முதல் 1992 ஜூலை வரை ஸ்கூமேக்கர் டெல்டாவின் தளபதி. 1989 டிசம்பர் 20 அதிகாலை, அமெரிக்கா படையெடுத்த பனாமாவில், மொடேலோ சிறையில் இருந்த கர்ட் மியூஸ் என்ற அமெரிக்கரை டெல்டா மீட்டது. சிறைக்கு எதிரே பனாமாப் படையின் தலைமையகம். மேலே ஏ.சி-130 பீரங்கி விமானங்கள் அந்தத் தலைமையகத்தை அடித்துக்கொண்டிருக்க, 160-இன் சின்ன எம்.எச்-6 ஹெலிகாப்டர்கள் சிறைக் கூரையில் இறங்கின. ஒன்பது ஆண்டுக்கு முன் கடன் வாங்கிய ஹெலிகாப்டர் இருந்த இடத்தில் இப்போது சொந்த ஹெலிகாப்டர், கூடவே பயிற்சி செய்த விமானிகள். அப்படியும் மியூஸை ஏற்றிய ஹெலிகாப்டர் சூடுபட்டுத் தெருவில் விழுந்தது. அவர்களைக் கூட்டிப் போனது ஒரு எம்-113, சாதாரணப் படையின் கவச வண்டி.

சாக்காம் வட்டாரத்தில் ‘சிறப்புப் படை உண்மைகள்’ என்று சில வாசகங்களைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ஜான் காலின்ஸ் என்ற ஓய்வு பெற்ற கர்னல் எழுதியவை ஐந்து. நான்கை மட்டும் மாட்டி, பெரும்பாலான சிறப்பு நடவடிக்கைகளுக்கு வெளிப்படையினரின் உதவி வேண்டும் என்ற ஐந்தாவதை ரொம்ப நாள் விட்டுவிட்டார்கள். அட்மிரல் ஓல்சன் 2009-இல் அதைத் திரும்பச் சேர்த்தார். தன்மானம் கொஞ்சம் அடிபடும் வாசகம் போலிருக்கிறது.

ஒரு நட்சத்திரம் வந்ததும் அவரை அனுப்பிய இடம் டெக்சாஸ், 1-ஆவது கேவல்ரி டிவிஷன், துணைத் தளபதி. மறுபடியும் டாங்குகள்! 1986-இன் கோல்ட்வாட்டர்-நிக்கோல்ஸ் சட்டத்துக்குப் பிறகு முப்படைக் கூட்டுப் பணி இல்லாமல் ஜெனரல் ஆவது கடினம். ஜேசாக் அனுபவம் அவருக்கு அதைத் தந்திருந்தது. டிவிஷன் அனுபவம் மற்றப் பாதியைத் தந்தது. பிறகு தரைப்படைத் தலைமையகத்தில் ஆபரேஷன்ஸ், அணிதிரட்டல் பிரிவு. 1994 ஜூலையில் ஜேசாக்கின் தளபதி.

அந்த நாற்காலியில் அவருக்கு முன் இருந்தவர் வில்லியம் கேரிசன். 1993 அக்டோபர் 3 அன்று சோமாலியாவின் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்த நடவடிக்கை அவருடைய தலைமையில் நடந்தது. கவச வாகனமும் ஏ.சி-130-உம் கேட்டுக் கிடைக்கவில்லை. சிக்கிக்கொண்டவர்களை மீட்க ஐ.நா. படையில் இருந்த பாகிஸ்தான் டாங்குகளையும் மலேசியக் கவச வண்டிகளையும் கேட்டு ஒருங்கிணைக்கப் பல மணி நேரம் ஆனது. கேரிசன் பழியைத் தன் மேல் ஏற்றுக் கடிதம் எழுதினார். மேஜர் ஜெனரலாகவே 1996-இல் ஓய்வு. ஒரே பதவி, அடுத்தடுத்து இருவர், ஒருவர் இரண்டு நட்சத்திரத்தில் நின்றார், மற்றவர் நான்குக்குப் போனார். திறமை வித்தியாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்தத் துறையில் ஒரு மாலைப்பொழுது முப்பது ஆண்டைத் தின்றுவிடும், அதற்கு நீ தயாராக இருக்க வேண்டும்.

1996-இல் தரைப்படையின் சிறப்பு நடவடிக்கைக் கட்டளையகம், 1997 நவம்பரில் சாக்காம். 40,000-க்கும் மேற்பட்டோர் அவருக்குக் கீழே. துப்பாக்கி தூக்கிய காலம் முடிந்துவிட்டது. செனட் குழுவில் வரவுசெலவு விளக்கம், எந்த விமானத்தை எந்த ஆண்டு மாற்றுவது, அனுபவமுள்ள சார்ஜென்ட்டுகள் தனியார் வேலைக்குப் போகாமல் பிடித்து வைப்பது. 2000-இல் ஓய்வு.

2003-இல் கதை மாறியது. தரைப்படைத் தலைவர் ஷின்செகி ஓய்வு பெற்றார். பதவியில் இருந்த ஜெனரல்களை எல்லாம் தாண்டி, பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் ஓய்வில் இருந்த ஸ்கூமேக்கரைக் கூப்பிட்டார். பணியில் இருந்தவர்களுக்கு அது கசந்தது இயல்பே. 2003 ஆகஸ்ட் 1 முதல் 2007 ஏப்ரல் வரை 35-ஆவது தலைவர். டிவிஷனை மையமாக வைத்த படையைச் சுமார் 3,500 முதல் 4,000 பேர் கொண்ட, தானே தனித்து இயங்கக்கூடிய பிரிகேடுகளாக மாற்றினார். பொறியாளர், பீரங்கி, வேவு, சரக்கு எல்லாம் பிரிகேடுக்குள்ளேயே. டெசர்ட் ஒன்னில் கடன் வாங்கிய துண்டுகளால் பட்ட பாட்டை நினைத்தால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். இது என் ஊகம்தான். 2004 பிப்ரவரியில் கமாஞ்சி ஹெலிகாப்டர் திட்டத்தை நிறுத்தினார். அதுவரை ஏறத்தாழ 7 பில்லியன் டாலர் செலவாகியிருந்தது. மிச்சப் பணத்தை இருக்கும் ஹெலிகாப்டர்களைப் பாதுகாக்கவும் புதியவை வாங்கவும் திருப்பினார். 2006-இல் கொடுத்த உச்சவரம்புக்குள் ஈராக் போரை நடத்த முடியாது என்று 2008-க்கான வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்யவே மறுத்தார். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் இடைவெளி 25 பில்லியன் டாலர் அளவு. அவர் காலத்தில் எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுத மாட்டேன். கவச வண்டிப் பற்றாக்குறை, ஒப்பந்த காலம் முடிந்தும் வீட்டுக்கு விடாத ஆணை, திரும்பத் திரும்ப ஒரே ஆட்களை அனுப்பியது எல்லாம் அந்த நாற்காலியின் கணக்கிலும் சேரும். பிரிகேடுகளுக்குள் மூன்றாவது பட்டாலியனைக் குறைத்த முடிவையும் பின்னால் மாற்ற வேண்டியதாயிற்று.

மெக்கிரிஸ்டல் வேறு வார்ப்பு. ரேஞ்சர் ரெஜிமென்ட் தளபதியாக இருந்து, 2003 முதல் 2008 வரை ஜேசாக்கை நடத்தினார். ஈராக்கில் 2004 ஆகஸ்டில் மாதம் 18 திடீர்ச் சோதனைகள், இரண்டே ஆண்டில் மாதம் 300. ஆட்கள் பல மடங்கு கூடவில்லை. ஒரு வீட்டில் கைப்பற்றிய கைபேசியும் காகிதமும் மூட்டையில் கிடந்த காலம் போய், அதே இரவில் படிக்கப்பட்டு அடுத்த வீட்டைக் காட்டின. தினமும் ஒன்றரை மணி நேரம் காணொலியில் ஆயிரக்கணக்கானோர், உளவு நிறுவனக்காரர்கள் உட்பட, ஒரே கூட்டம். ஹாலோவே அறிக்கையில் வானிலைக்காரரையும் விமானியையும் பேசவிடாத நோய்க்கு இதுதான் மருந்து. ஆனால் வேகம் கூடினால் தவறான கதவைத் தட்டும் எண்ணிக்கையும் கூடும். அதன் விலையை அந்த ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள். 2010 ஜூனில் ஒரு பத்திரிகையாளர் முன்னால் அவருடைய அதிகாரிகள் அரசின் தலைவர்களைக் கேலி பேசியது அச்சில் வந்து, ஆப்கானிஸ்தான் தளபதி பதவி போயிற்று. பேசியது பெரும்பாலும் உதவியாளர்கள், போனது அவர் பதவி. பழகிய கூட்டத்துக்குள்ளேயே பல ஆண்டு வாழ்ந்தால் எதை வெளியாள் முன் பேசக்கூடாது என்ற உணர்வு மழுங்கிவிடுகிறது.

சரி, உன் விஷயம். நம் படையில் மேஜர், லெப்டினன்ட் கர்னல் வரை கால அளவில் வந்துவிடும். கர்னலுக்குத்தான் முதல் தேர்வு வாரியம், பிறகு பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு ஒன்று. வாரியம் பார்ப்பது வருடாந்திர ரகசிய அறிக்கைகளையும், எந்தப் படையை எந்தச் சூழலில் நடத்தினாய் என்பதையும், எந்தக் கோர்ஸ் எந்தத் தரத்தில் முடித்தாய் என்பதையும். பாரா எஸ்.எஃப்.-இலிருந்து மேலே போனவர்கள் இல்லாமல் இல்லை. 1 பாராவின் பிரகாஷ் கடோச் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றார். முப்படைச் சிறப்புப் படைகளைச் சேர்த்து 2019-இல் தொடங்கிய கூட்டு டிவிஷனுக்குத் தலைவர் மேஜர் ஜெனரல். சாக்காம் போல தனி நிதியோ நான்கு நட்சத்திரமோ அதற்கு இல்லை. ஆகவே நம் ஏணியில் அதற்கு மேலுள்ள படிகள் இன்றும் பொதுப்படைக்குள்தான் இருக்கின்றன. ஸ்கூமேக்கர் 1982-இல் செய்ததை நீயும் செய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் இப்போதைய பட்டாலியனில் கம்பெனியை நடத்தும் வாய்ப்பு வந்தால் விடாதே, பொறுப்புக் கம்பெனித் தளபதியாக இருந்தாலும் சரி. மேஜர் பதவிக்கான பார்ட் டி தேர்வை, எஸ்.எஃப்.-இல் உன்னைச் சோதித்துப் பார்க்கும் புரொபேஷனுக்குப் போகும் முன் முடித்துவிடு. உள்ளே போனபிறகு படிக்க மேஜையும் கிடைக்காது, நேரமும் கிடைக்காது. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் நுழைவுத் தேர்வுக்குச் சேவைக்காலக் கட்டுப்பாடு உண்டு. எஸ்.எஃப். அதிகாரிகள் பலர் களப்பணியில் இருந்தபடி அந்தச் சாளரத்தைத் தவற விடுகிறார்கள். இப்போதே உன் சேவை ஆண்டை வைத்து, எந்த ஆண்டு முதல் முயற்சி, எது கடைசி முயற்சி என்று எழுதி வை. அதற்கு முந்தைய ஆறு மாதம் படிக்க விடுவார்களா என்பதைச் சேரும்போதே பேச முடியாது, ஆனால் இரண்டு ஆண்டு முன்னதாகப் பேசலாம்.

உடம்பு. ஆக்ராவில் ஐந்து பாராசூட் குதிப்பு, ஒன்று இரவில். அதில் பெரிய ஆபத்து இல்லை. முழங்காலும் கீழ்முதுகும் போவது அதன் பிறகான ஆண்டுகளில், சுமையோடு குதித்து, சுமையோடு இறங்கி நடந்து. காது போவது மூடிய அறைக்குள் சுடுவதாலும் கதவு வெடிப்பதாலும். மருத்துவத் தகுதி ஒரு படி இறங்கினாலே வாரியத்தில் கேள்வி வரும் என்பதால் பையன்கள் வலியை மறைக்கிறார்கள். அப்புறம் நாற்பது வயதில் எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. காதடைப்பானைப் போடு, பிசியோவிடம் போ, போனதைப் பதிவு செய்ய வை. பணியால் வந்த காயம் என்று பின்னால் நிரூபிக்க அந்தத் தாள்தான் வேண்டும்.

எழுதிக் கொடுக்கும் முன் உன் பட்டாலியன் தளபதியான சி.ஓ.-விடம் மூன்று கேட்டுக்கொள். புரொபேஷனில் தேறாமல் திரும்பினால் இதே பட்டாலியன் ஏற்குமா, அந்தக் காலத்துக்கான அறிக்கையை யார் எழுதுவார், இந்த ஆண்டு போவதும் அடுத்த ஆண்டு போவதும் உன் கம்பெனிப் பொறுப்பை எப்படிப் பாதிக்கும். கேட்டுவிட்டு எழுது. ஹாலோவே அறிக்கையின் நகலைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், அதில் ஹெலிகாப்டர் எண்ணிக்கை பற்றிய பகுதியை மட்டும் இரண்டு தரம் படி. பொட்டலத்தில் பருப்புப் பொடியும் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா